பொருந்திய கையெழுத்து

“பத்து மணிக்கு வரச் சொன்னீங்கள். இப்ப பத்து இருபது, தம்பி.”

ரவிச்சந்திரன் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு கவுண்டரில் உட்கார்ந்தான். கண்ணாடிக்கு அப்பால் யோகேஸ்வரன் நின்றார். அவருக்கு ஓரடி பின்னால் அவர் மனைவி சிவமலர். குட்மேய்ஸ் பகுதியிலிருந்து பஸ்ஸில் வந்திருந்தார்கள். கடிதம் சிவமலரின் கையில் இருந்தது.

கவுன்சிலின் தேர்தல் பிரிவு அனுப்பிய கடிதம். மே மாதத் தேர்தலில் சிவமலருடைய தபால் வாக்கு எண்ணப்படவில்லை. காரணம், கையெழுத்து பொருந்தவில்லை.

“தமிழ் ஆள் இருக்கிறது நல்லது. மலேசியாவோ?” என்றார் யோகேஸ்வரன்.

“ஆமா அங்கிள். ஈப்போ.”

“இது சின்ன விசயம் தம்பி. இதுக்கேன் பஸ் ஏறுவான் எண்டு சொன்னனான். இவ கேக்கேல்லை. புது ஃபோர்ம் ஒண்டு தாங்கோ, வீட்டை கொண்டுபோய் நிரப்பி அனுப்பிவிடுறன்.”

“ஃபோர்ம் பிறகு,” என்றார் சிவமலர். “என்ரை கையெழுத்திலை என்ன பிழை எண்டு முதல் சொல்லட்டும்.”

“ஒப்பரேஷனுக்குப் பிறகு இவவுக்குக் கை நடுக்கம்.”

“பித்தப்பை ஒப்பரேஷனுக்குக் கை ஏன் நடுங்குது?”

ரவிச்சந்திரன் சிரிப்பை அடக்கிக்கொண்டான். இந்த வேலையில் இப்படிப்பட்ட கணவர்களைப் பார்த்திருக்கிறான். மனைவியின் தளர்ச்சி வெளியே தெரியாமல் மூடப் பார்க்கிற நல்ல மனிதர்கள்.

“முதல்ல கம்ப்யூட்டர்தான் பார்க்கும் ஆன்ட்டி. தபால் வாக்கு கேட்டு முதல்ல அனுப்பின விண்ணப்பத்துல இருக்கிற கையெழுத்தையும் இப்ப வாக்கோட வந்ததையும் பக்கத்துல வச்சு. இல்லன்னு அது சொன்னா, ஆள் பார்க்கணும். உங்களோடத ரெண்டு பேர் பார்த்திருக்காங்க.”

“ரெண்டு பேரும் எந்தப் பக்கமாய்ப் பிடிச்சுப் பாத்தவை?”

அவனுக்குப் புரியவில்லை.

“தொடங்கீட்டா,” என்றார் யோகேஸ்வரன். “சாவகச்சேரித் தபால்கந்தோரிலை பதினொரு வருசம் கவுண்டரிலை இருந்தவ. இப்பவும் கண்ணாடிக்கு உங்கட பக்கம் நிக்கிறதாய் நினைப்பு.”

“சேமிப்புப் புத்தகத்தோடை காசெடுக்க வாற ஆக்களின்ரை கையெழுத்தை நாங்கள் தலைகீழாய்ப் பிடிச்சுத்தான் பாக்கிறனாங்கள், தம்பி. நேராய்ப் பிடிச்சா கண் பேரை வாசிச்சுப்போடும். கோட்டைப் பாராது.”

“நான் ஊருக்குப் போய் நிண்ட நேரம் வந்த வோட்டுக் கவர்,” என்றார் யோகேஸ்வரன். “அவசரத்திலை கிறுக்கிப்போட்டா. நான் வீட்டிலை நிண்டிருந்தா இது பிழையாய்ப் போயிருக்காது.”

சிவமலர் பேனா கேட்டார். துண்டுக் காகிதம் ஒன்றில் மூன்று முறை கையெழுத்து வைத்தார். கை நடுங்கவில்லை. மூன்றும் ஒரே அச்சு. திரையில் இருந்த, நிராகரிக்கப்பட்ட கையெழுத்தும் அதுவேதான்.

ரவிச்சந்திரனுக்கு வெட்கமாக இருந்தது. கம்ப்யூட்டரும் இரண்டு பேரும் சேர்ந்து ஓர் உண்மையான வாக்கைக் குப்பையில் போட்டிருக்கிறார்கள்.

“சாரி ஆன்ட்டி. இது உங்க கையெழுத்துதான். ஏன் இப்படி ஆச்சுன்னு தெரியல. இதுக்கு முன்னாடி எல்லாத் தடவையும் சரியாப் பொருந்தியிருக்கு.”

“எத்தினை முறை?”

அவன் திரையில் எண்ணினான். “ஒம்பது தேர்தல்.”

சிவமலர் பேனாவைக் கீழே வைத்தார்.

“விண்ணப்பத்திலை இருக்கிற கையெழுத்தைக் காட்டுங்கோ.”

“எதுக்கு மலர்? தம்பிக்கு வேலை கிடக்கு. பின்னாலை ஆக்கள் நிக்கினம்.”

பின்னால் யாரும் இல்லை. சிவமலருடைய சொந்தக் கையெழுத்துதானே என்று ரவிச்சந்திரன் நகலெடுத்துக் கண்ணாடியின் கீழே தள்ளினான்.

சிவமலர் காகிதத்தைத் தலைகீழாகத் திருப்பினார். அதிக நேரம் பார்க்கவில்லை.

“கடைசியிலை இழுத்துவிட்ட இந்த வாலை எனக்குத் தெரியும்,” என்றார். “பிள்ளையளின்ரை பள்ளிக்கூட ரிப்போட் எல்லாத்திலையும் இருக்கு. அப்பா கையெழுத்து வைக்கிற இடத்திலை.”

யோகேஸ்வரன் சட்டைப் பையில் பஸ் பாஸைத் தேடத் தொடங்கினார்.

சிவமலர் காகிதத்தை நேராகத் திருப்பி அவர் முன்னால் வைத்தார்.

“எனக்கு இஞ்சை வோட்டே இல்லை எண்டு சொன்னனீங்கள். கவரிலை என்ரை பேரைக் கண்டு, இந்த மேயிலைதான் முதன்முதல் போட்டனான். அப்ப அந்த ஒம்பது முறையும் நான் ஆருக்குப் போட்டனான்?”