பாம்புக்கடிப் பக்கம்

இணையத்தில் எல்லோரும் இலவசமாகப் படிக்கும் கலைக்களஞ்சியத்துக்குத் தையல்காரி எழுதிய முதல் கட்டுரை, பாம்புக்கடிக்கு முதலுதவி. தன்னார்வலர்கள் எழுதும் மருத்துவக் கட்டுரைகளை ஒரு டாக்டர் பார்த்துச் சொன்ன பிறகுதான் வெளியிடுவார்கள்.

மத்தியானம் தையல் மெஷினை நிறுத்திவிட்டுக் கணினியைத் திறந்தாள். கட்டுரைக்குக் கீழே டாக்டரின் குறிப்பு வந்திருந்தது.

"கடிவாய்க்கு மேல இறுக்கிக் கட்டச் சொல்லியிருக்கீங்க. வேண்டாம்மா, காலே போயிடும். அசைக்காம ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொல்லுங்க. சாப்பிட்டாச்சா?"

கட்டுரை அப்படியே வெளியாகியிருந்தால்? யாராவது அதைப் படித்துவிட்டுக் கட்டியிருந்தால்? உடனே திருத்தினாள். "சாப்பிட்டேன் டாக்டர். நீங்க?" என்று எழுதிவிட்டு, கலைக்களஞ்சியத்தின் பொறுப்பாளரைப் போனில் கூப்பிட்டு, டாக்டர் பார்த்துவிட்டதாகச் சொன்னாள்.

"எந்த டாக்டர்? இன்னும் புது ஆளே கிடைக்கலையேம்மா."

"சாப்பிட்டாச்சான்னு கேட்டாரே, அவர்தான்."



"எல்லார்கிட்டயும் அப்படித்தான் கேப்பார். அவர் தவறி மூணு மாசம் ஆச்சு. நீங்க சாப்பிட்டீங்களான்னு நாங்க யாரும் அவரை ஒரு நாளும் திருப்பிக் கேட்டதில்ல."

அவள் திரையைப் பார்த்தாள். அவளுடைய கேள்விக்குக் கீழே, "இன்னும் இல்லம்மா" என்று இருந்தது.

பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் சாப்பிடவில்லை என்றவரை எப்படிப் பட்டினி போடுவது? மிச்சமிருந்த சாப்பாட்டைத் தட்டில் போட்டுக் கணினி அருகே வைத்துவிட்டுத் தண்ணீர் எடுக்கப் போனாள்.

திரும்பி வந்தபோது தட்டு வைத்தபடியே இருந்தது. திரையில் ஒரு வரி கூடியிருந்தது.

"வயிறு நிறைஞ்சுதும்மா. அடுத்தது தீக்காயம் எழுதுங்க, பார்த்துத் தரேன்."