உள்ளே வராதே

கீழவாசல் துணிக்கடை நிலோஃபரின் பயத்தைப் பார்த்து, அவருக்கு வெப்சைட் செய்து கொடுத்த அஸாருக்குச் சிரிப்புதான் வந்தது.

"பெருநாளுக்கான புது டிசைனெல்லாம் சைட்டுல ஒரு ஃபோல்டர்ல கிடக்கே, யாரும் எட்டிப் பாத்துட மாட்டாங்களே தம்பி?"

"கூகுளே எட்டிப் பாக்காதுக்கா. ஃபோல்டர் பேரைப் போட்டு, 'உள்ள வராதே'ன்னு கூகுளுக்குச் சைட்டுலயே ஒரு குறிப்பு எழுதி வச்சிருக்கேன்."

"அதை யாரு வேணா படிக்கலாமா?"

"படிக்கலாம். யாரு மெனக்கெட்டுப் படிக்கப் போறா?"

"முதல்ல அதை எடுத்துட்டு, பாஸ்வேர்டு போட்டுப் பூட்டுப்பா."

"வீண் பயம்க்கா. எதிர்க்கடை சைட்டுக்கும் இதே காவல்தான் போட்டிருக்கேன்!"

"தெரியும் தம்பி" என்று முக்காட்டைச் சரிசெய்துகொண்டார் நிலோஃபர். "நீ அங்க 'வராதே'ன்னு எழுதின ஃபோல்டர்லேருந்துதான் இந்தப் பெருநாள் டிசைனையெல்லாம் எடுத்தேன்."