கொடி கட்டிய கதவு

அமெரிக்காவில், வந்தேறிக் கத்தோலிக்கர்களை விரட்டுவோம் என்று ஒரு கட்சி ஓட்டுக் கேட்ட வருடம் அது. அயர்லாந்திலிருந்து வந்த கத்தோலிக்கர்கள் குடியிருந்த தெருவை நோக்கி அக்கட்சிக்காரர்கள் தீப்பந்தங்களோடு வந்துகொண்டிருந்தார்கள். தேசியக்கொடி தொங்கும் வீட்டைத் தொடமாட்டார்கள் என்று பேச்சு பரவியிருந்தது. அந்த மண்ணிலேயே பிறந்த தபித்தா தன் கதவில் கொடியைக் கட்டிக்கொண்டிருந்தபோது, பக்கத்து வீட்டு அயர்லாந்துக்காரி ஓனோரா கைக்குழந்தையோடு வந்து நின்றாள். தபித்தாவுக்குப் பிரசவம் பார்த்தவள் அவள்தான்.

“அதுல பாதியைக் கிழிச்சுக் குடு தபித்தா. எங்க கதவுலயும் கட்டிக்கிறேன்.”

“கொடியை எல்லாம் கிழிக்கக் கூடாது” என்றாள் தபித்தா. சொன்ன பிறகு, அது சரியான காரணம்தான் என்று அவளுக்கே பட்டது. ஓனோரா தலையசைத்துவிட்டு, குழந்தையின் முகத்தை மூடிக்கொண்டு ஆற்றுப் பக்கமாக ஓடினாள்.

மறுநாள் அவள் திரும்பி வந்தபோது வீடு இருந்த இடத்தில் சாம்பல் புகைந்துகொண்டிருந்தது. குந்தி உட்கார்ந்து கையால் கிளறினாள். தபித்தா ரொட்டியோடு அருகில் போனாள்.

“என்ன தேடுற ஓனோரா? சொல்லு, நானும் தேடுறேன்.”

ஓனோரா நிமிர்ந்து பார்த்தாள். ரொட்டியை வாங்காமல் மறுபடியும் சாம்பலைக் கிளறினாள். பொழுது சாய்வதற்குள் குழந்தையோடு ஊரைவிட்டே போய்விட்டாள்.

தேர்தலில் அந்தக் கட்சி ஜெயித்தது. தெருவெல்லாம் வாத்தியம் முழங்கியது. கணவன் வாசலில் நின்று கூப்பிடக் கூப்பிட, தபித்தா பக்கத்து மனையில் மண்டியிட்டு, முழங்கை வரை கறுத்த கைகளால், என்னவென்றே தெரியாத ஒன்றை இன்னும் தேடிக்கொண்டிருந்தாள்.