பூக்காத மரப் பியோனி

"இந்த வருஷமாவது பூக்குமா அண்ணி? மேல கட்டின மரப் பியோனி ஒட்டு செத்துப்போய், அடியில இருக்கிற செடிப் பியோனி வேர்தான் துளிர்த்திருக்கும்," என்று வேலிக்கு அப்பால் நின்று சிரித்தாள் பக்கத்து வீட்டு ருய்லியன் அத்தை.

அம்மா விடவில்லை. "செடிப் பியோனின்னா பனியில தரையோட மடிஞ்சிருக்குமே! இது மரத்தண்டா நிக்குது, நல்லாப் பாரு. என் மகன் கட்டின ஒட்டு. 'இது பூக்கிறப்ப வீட்டுல இருப்பேம்மா'ன்னு சொல்லிட்டுத்தானே கப்பல் ஏறினான்?"

"அப்போ பூச்சிதான் மொட்டைத் தின்னுது."

பூச்சி இல்லை. ஒட்டு வலுப்படட்டும் என்று முதல் இரண்டு வசந்தங்களில் மொட்டைக் கிள்ளிவிடுவது பியோனி வளர்க்கும் எங்கள் ஹெசெ ஊர் வழக்கம். அதற்குப் பிறகும் அப்பா விடியற்காலையில் ரகசியமாகக் கிள்ளிக்கொண்டிருந்தார்.

இந்த முறை அவருக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது. "லிங்யா, நீ போய்க் கிள்ளிடும்மா. அம்மா பார்த்துடக் கூடாது," என்றார்.

நான் போனபோது அம்மா செடியருகே குந்தியிருந்தாள். அவள் உள்ளங்கையில் கிள்ளிய மொட்டுகள் இருந்தன.

"அவரால குனிய முடியலையே," என்றாள். "இது பூத்தா, பையன் எங்கேன்னு நான் கேக்கணும். கப்பல் மூழ்கிடுச்சுன்னு அவர் தன் வாயால சொல்லணும்."

"அம்மா... உனக்கு எப்போலேருந்து தெரியும்?"

"கிள்ள வேண்டிய வருஷம் முடிஞ்சும் கிள்ளினாரே, பையன் இனி வரமாட்டான்னு அன்னைக்கே புரிஞ்சுபோச்சு."

மொட்டுகளை என் கையில் திணித்தாள்.

"நீ கிள்ளினதாவே சொல்லு. எனக்குத் தெரியாதுன்னு நினைச்சுத்தான் அந்த மனுஷன் உசிரோட நடமாடுறாரு."