பொன்னுக்கு வீங்கி

பாலக்கரை செபஸ்தியான் தன் நிழலைக்கூட நம்பாதவர். செத்துப்போன மனைவியின் தங்கச் சங்கிலியைப் பெட்டியில் பூட்டி, சாவியை அரைஞாண் கயிற்றில் கட்டியிருந்தார். ஐம்பத்தெட்டாம் வருஷம் மருமகள் அமலராணிக்குப் பொன்னுக்கு வீங்கி வந்து, கன்னம் இரண்டும் பணியாரமாக உப்பின.

"அம்மா சங்கிலியக் குடுங்கப்பா. கழுத்துல தங்கம் கெடந்தா வீக்கம் வத்திடும்" என்றான் மகன் கிளமென்ட்.

"போடா! அது வைரஸ்னு டாக்டர் சொன்னாரே, கேக்கல? கண்ணுக்குத் தெரியாத கிருமியாம். எச்சில்ல, தும்மல்ல ஒட்டி, உள்ள போயி ஒண்ணு நூறாப் பெருகுமாம். அதுக்குத் தங்கம் தெரியுமா, தகரம் தெரியுமா?"

டாக்டரைத் தண்ணி மருந்துக்காரன் என்று ஏசுகிற அப்பாவா இப்படிப் பேசுகிறார் என்று எண்ணியபடி கிளமென்ட் வெந்நீர் வைக்கப் போனான். அமலராணிக்கு ஒத்தடம்தான் கிடைத்தது. வீக்கம் தானாக வற்றியது.

மாதம் திரும்புவதற்குள் செபஸ்தியானுக்கே கன்னம் வீங்கிவிட்டது.

"பெரியவரே, சட்டைப் பித்தானக் கழட்டுங்க, கழுத்தப் பாக்கணும்" என்றார் டாக்டர்.

மாட்டேன் என்று காலரை இறுக்கிப் பிடித்துக்கொண்டார் கிழவர். டாக்டரே கழற்றினார். உள்ளே சங்கிலி மின்னியது.

"இவளுக்கு வீங்குன அன்னைக்கே, எனக்கு ஒட்டக்கூடாதுன்னு போட்டுக்கிட்டேன்" என்று பக்கத்தில் உட்கார்ந்திருந்த மருமகளைக் காட்டி முனகினார் செபஸ்தியான்.

"இப்பவாவது நம்புறீங்களா மாமா, தங்கத்தால ஒண்ணும் ஆகாதுன்னு?" என்றாள் அமலராணி.

"தங்கத்தக் குத்தம் சொல்லாத! தங்கமா இருந்தா எனக்கு ஒட்டுமா? இது பித்தளை. உங்க அத்தையப் பெத்தவன் கல்யாணத்தன்னைக்கே என்னை ஏமாத்திட்டான்!" என்று சங்கிலியைக் கழற்றி அவள் மடியில் வீசினார். "நீயே வச்சுக்க!"

அமலராணி சிலுவை போட்டுவிட்டு, அந்தப் பித்தளையைப் பத்திரமாகக் கழுத்தில் மாட்டிக்கொண்டாள்.