வைக்கோல் இறங்கும் முன்

எல்பே ஆற்றுப் பனி இன்னும் விலகவில்லை. எரிந்த வீட்டின் வேலியோரம் ஏழு வண்டிகள் கூரைக்கு வைக்கோலும் உத்தரமும் ஏற்றி நிற்கின்றன. யார் வீடு எரிந்தாலும் எங்கள் தீச் சங்கத்தார் கூடிக் கட்டிக்கொடுப்போம். அடுப்படியில் சணல் உலர்த்தி அதில் தீப்பிடித்திருந்தால் மட்டும் ஒரு கட்டு வைக்கோல்கூடக் கிடையாது. போன வருஷம் அப்படி ஒரு குடும்பத்தைத் திருப்பி அனுப்பினோம். வேண்டாமென்று முதலில் கை தூக்கிய மார்க்வார்ட் இன்று தன் வீட்டுச் சாம்பலைப் பார்த்தபடி நிற்கிறான். அவன் மனைவி ஆபெல் இடிந்த அடுப்பருகே பிள்ளையை இடுப்பில் வைத்திருக்கிறாள்.

“இங்க சணல் ஏதும் காயப்போட்டிருந்தியாம்மா?” சங்கத் தலைவர் டீஸ் கேட்கிறார்.

“இல்லீங்க. எல்லாம் கொட்டகையிலதான்.”

“சட்டுனு கேட்டு முடிங்க பெரியவரே, குதிரை விறைச்சுப் போச்சு,” என்கிறான் ஒரு வண்டிக்காரன்.

“கொஞ்சம் தள்ளி நில்லும்மா. அடுப்பைப் பாக்கணும்.”

ஆபெல் நகரவில்லை. பக்கத்தில் நிற்கும் எனக்குத் தெரிகிறது, அவளுடைய மரச்செருப்புக்கு அடியில் சணல் சீவும் இரும்புச் சீப்பு. அது கிடந்த இடத்தில்தான் சணலும் கிடந்திருக்கும். இரும்பு இன்னும் ஆறவில்லை. மரம் கருகும் வாசனை வருகிறது, பாவாடை ஓரத்தில் மெல்லிய புகை எழுகிறது. டீஸ் குனிந்து அந்தப் புகையையே பார்க்கிறார்.

“இல்லீங்க,” என்கிறாள் ஆபெல், யாரும் மறுபடி கேட்காமலே.