தகடு வாங்கிய முதல் படி

புது வீட்டுத் தேக்குப் படிக்கட்டில் முதல் படிக்குக் காலையிலிருந்தே இருப்புக் கொள்ளவில்லை. பரிசோதகர் வந்து, ஒவ்வொரு படியிலும் மணல் மூட்டைகளை அடுக்கி, குனிந்து காதை வைத்துக் கேட்டார். ஒரு படிகூட முனகவில்லை.

"பாஸாயிட்டோம்! பாஸாயிட்டோம்!" என்று முதல் படி பக்கத்துக் கைப்பிடியிடம் கத்தியது. "பாதுகாப்பான படின்னு பித்தளைத் தகடு அடிக்கப் போறாங்க! அதுவும் என் நெத்தியில!"

தகடு வந்தது. அப்படி ஒரு பளபளப்பு! சுத்தியல் விழ விழ, "இன்னும் ஆழமா! இன்னும் ஆழமா!" என்று படி குதூகலித்தது. கடைசி ஆணி இறங்கியபோது, தகட்டுக்குப் பின்னால் மரம் பிளந்து, விரிசல் உள்ளே நெடுக ஓடியது.

"ஐயோ, வெடிச்சிட்டியே!" என்று கைப்பிடி பதறியது. "பரிசோதகர் இன்னும் வாசலைத் தாண்டல. ஒரு கிரீச் போடு, திரும்பி வந்து பார்ப்பார்."

"பார்த்தா தகட்டைக் கழட்டிட்டுப் போயிடுவாரே! நீ சும்மா இரு."

பரிசோதகர் போய்விட்டார்.

மறுநாள் பால் காய்ச்சுவதற்கு உறவுக்கூட்டம் திரண்டு வந்தது. வீட்டுக்காரர் தகட்டைத் தட்டிக் காட்டி, "பயப்படாம ஏறுங்க, சர்டிபிகேட் வாங்கின படி!" என்றார்.

முதல் படி மூச்சைப் பிடித்துக்கொண்டு, அந்த வலியிலும் பூரித்தது. "பார்த்தியா? எல்லாரும் என்னையேதான் பார்க்கிறாங்க!"

கைப்பிடி எல்லாரையும் பார்த்து, "என்னைப் பிடிச்சுக்கோங்க, பிடிச்சுக்கோங்க" என்று கெஞ்சிக்கொண்டிருந்தது. அவர்களோ தகட்டைப் பார்த்த தைரியத்தில், கைவீசிக்கொண்டே ஏறினார்கள்.